பழைய ஹீரோ உயிரோடு திரும்பினால், இடத்தை நிரப்பிய சைட்கிக் எங்கே போவது?

மின்னல்கோடு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. டிசியின் அதிவேக ஹீரோ ஃபிளாஷை வைத்து மார்க் வெய்ட் எழுதிய இதழ்களை 62 முதல் 100 வரை வரிசையாகப் படித்தாயிற்று. செத்துப்போன பேரி ஆலனின் உடையைப் போட்டுக்கொண்டு கூசி நிற்கும் அவரது சைட்கிக் (இளைய துணையாள்) வாலி வெஸ்ட், கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெயருக்கே உரியவனாக வளர்கிறான். சைட்கிக் ஒருவனை இவ்வளவு பொறுமையாக ஆளாக்கிய தொடர் அபூர்வம்.

அதே சூட்டோடு 2009-இல் தொடங்கிய ‘ஃபிளாஷ்: ரீபர்த்’தை எடுத்தால், பேரி உயிரோடு வந்து நிற்கிறார். எல்லாரும் அவரைச் சுற்றி ஓடுகிறார்கள், வாலி ஓரத்தில். இடையில் என்ன நடந்தது என்றே புரியவில்லை. மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஹீரோ திரும்பும்போது, அதுவரை அந்தப் பெயரைத் தாங்கியவனை டிசியும் மார்வெலும் நடைமுறையில் என்ன செய்கின்றன? பேட்மேனின் சைட்கிக் டிக் கிரேசனுக்கும் காப்டன் அமெரிக்காவின் சைட்கிக் பக்கிக்கும் ஓரளவு கௌரவமாக முடிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்களே, வாலிக்கு மட்டும் ஏன் அப்படி அமையவில்லை? எந்த இதழோடு நிறுத்திக்கொண்டால் கதை நிறைவாக இருக்கும்?

இதழ் எண்ணோடு சொன்னால் நல்லது.

---

பழையகட்டு

நீங்கள் படித்த தொகுதிக்குள்ளேயே இந்தக் கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. 73-ஆவது இதழின் கடைசியில் பேரி வாசலில் வந்து நிற்கிறார், 74 முதல் 79 வரை அந்தக் கதை. 1993-இல் வந்தது. வந்தவர் பேரி அல்ல, பேரியின் முகத்தோடு வந்த பழைய எதிரி ஈயோபார்ட் தான் என்பது பிறகுதான் தெரியும். ஆனால் அந்த வில்லன் திருப்பத்தைவிட முக்கியமான ஒன்றை வெய்ட் அங்கே செய்தார். வாலியால் ஏன் பேரியின் வேகத்தை எட்ட முடியவில்லை என்பதற்கு மனம்தான் காரணம் என்று காட்டினார். பேரியின் இடத்தை முழுதாக நிரப்பிவிட்டால் பேரி நிஜமாகவே போய்விடுவார் என்ற பயம் அது. 79-இல் அந்த பயம் உடைகிறது, வேகம் வருகிறது.

இதன் எடை புரிய 1985-87-க்குப் போக வேண்டும். பேரி இறந்தது ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ 8-ஆவது இதழில், 1985. அதே தொடரின் 12-இல் வாலி உடையை எடுத்துக்கொள்கிறான். 1987-இல் மைக் பேரன் எழுத, புதிய ஃபிளாஷ் முதல் இதழ் வந்தபோது வாலிக்கு 20 வயது. வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டித்தான், ஓடினால் பசி தாங்காது, மலைபோலச் சாப்பிட வேண்டும். முகம் ஊருக்கே தெரியும். லாட்டரியில் பணம் விழுகிறது, அதைத் தாம்தூம் என்று செலவழிக்கிறான். பேரி எதுவாக இருந்தாரோ அதற்கு நேரெதிர். வாரிசை நிறுத்த இதுதான் சரியான முறை: முன்னவரைவிடக் குறைந்த சக்தி, வேறு குணம், வேறு வாழ்க்கை. அந்தப் பள்ளத்தை 79 வரை மெதுவாக நிரப்பியதால்தான் வாசகர்கள் அவனை ஏற்றுக்கொண்டார்கள். 50-ஆவது இதழில் உடையும் மாறியது. பளபளப்பான சிவப்பு, கண்ணுக்கு வெள்ளை வில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இது வாலி, இது பேரி என்று சொல்லிவிட முடிந்தது.

இனி எங்கே கெட்டது என்று பார்ப்போம். 2005-06-இல் ‘இன்ஃபினிட் க்ரைசிஸ்’. வாலி, மனைவி லிண்டா, இரட்டைக் குழந்தைகள் எல்லாரும் ஸ்பீட் ஃபோர்ஸுக்குள், அதாவது இந்த ஓட்டக்காரர்களுக்கு வேகம் தரும் ஆற்றல் வெளிக்குள், போய்விடுகிறார்கள். பேரியின் பேரன் பார்ட் ஆலனை ஒரே தாவலில் நான்கு வயது கூட்டி ஃபிளாஷ் ஆக்கினார்கள். ‘தி ஃபாஸ்டஸ்ட் மேன் அலைவ்’, மொத்தம் 13 இதழ். 13-இல் வில்லன் கும்பல் அவனை அடித்தே கொல்கிறது. வாலிக்கு ஆறேழு ஆண்டுகள் கொடுத்த வளர்ச்சியை பார்ட்டுக்கு ஒரு வருடத்தில் முடிக்கப் பார்த்தார்கள். வளர்ந்து காட்ட வேண்டிய நான்கு ஆண்டுகளைப் பக்கத்துக்கு வெளியே வைத்துவிட்டு, வளர்ந்த உடம்பை மட்டும் கொண்டுவந்தால் வாசகன் எதைப் பிடித்துக்கொள்வான்?

2007-இல் வாலி திரும்பி, பழைய எண்ணிலேயே 231 முதல் 247 வரை ஓடினான். அந்தத் தொடர் நின்ற சில மாதங்களில் ‘ரீபர்த்’, ஆறு இதழ், எழுத்து ஜெஃப் ஜான்ஸ். நீங்கள் உணர்ந்த கோளாறுக்குக் காரணம் அந்த ஆறு இதழுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பீட் ஃபோர்ஸ் என்ற ஆற்றலே பேரி ஓடுவதால் உண்டாவது என்று கதையை மாற்றினார்கள். 95 முதல் 100 வரை ‘டெர்மினல் வெலாசிட்டி’யில் வாலி ஸ்பீட் ஃபோர்ஸுக்குள் போய், லிண்டாவின் மேலுள்ள அன்பைப் பிடித்துக்கொண்டு மீண்டு வந்தானே, அவனுடைய மிகப்பெரிய சாதனை அது. இப்போது அந்த இடமே பேரி போட்டுக் கொடுத்தது என்றாகிவிட்டது. வாரிசு தன் உழைப்பில் சம்பாதித்ததை முன்னவரின் கணக்கில் எழுதினால், உடையை விட்டுவைத்தாலும் பயனில்லை.

மற்றது எளிய கணக்கு. ஒரே சக்தி, ஒரே பெயர், ஒரே வில்லன் கூட்டம், மாதம் ஒரு தொடர். வாலிக்கு அடர்சிவப்பில் புது உடை தந்தார்கள், புத்தகம் தரவில்லை. 2010-இல் தொடங்கிய புதிய ஃபிளாஷ் முழுக்க பேரியினுடையது, 12 இதழ். 2011-இல் ‘ஃபிளாஷ்பாயின்ட்’ முடிந்து டிசி தன் கதையுலகத்தைப் புதிதாகத் தொடங்கிய ‘நியூ 52’ பிறந்தபோது வாலி என்ற ஆளே உலகத்தில் இல்லை.

---

கேடயமேந்தி

பழையகட்டு சொன்ன கடைசி பத்திதான் சாவி. பக்கி விஷயத்தில் மார்வெல் அந்தக் கணக்கை முதலிலேயே போட்டு வைத்தது. எட் புரூபேக்கர் எழுதிய காப்டன் அமெரிக்கா, 2005-இல் தொடங்கிய தொடர்.

காப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ் சுடப்படுவது 25-ஆவது இதழ், 2007. பக்கி உடையைப் போடுவது 34-ஆவது இதழ், 2008 ஜனவரி. இடையில் 26 முதல் 33 வரை எட்டு இதழ்களுக்கு, காப்டன் அமெரிக்கா என்ற பெயரில் வந்த புத்தகத்தில் காப்டன் அமெரிக்காவே இல்லை. ஷாரன், ஃபால்கன், பக்கி, ரெட் ஸ்கல் இவர்களை வைத்தே ஓட்டினார்கள். மரணத்துக்கும் முடிசூட்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி விடுவதற்குப் பொதுவாக எந்த ஆசிரியர் குழுவுக்கும் துணிச்சல் வராது. அந்த வெற்றிடம்தான் வேலை செய்தது. காலியாக இருப்பதை வாசகன் உணர்ந்த பிறகுதான் யாராவது வந்து நிரப்ப மாட்டார்களா என்று ஏங்குவான்.

அடுத்தது ஒப்படைப்பு. ஸ்டீவ் எழுதிவைத்த கடிதம் டோனி ஸ்டார்க்கிடம் போகிறது. பக்கியைக் காப்பாற்று, காப்டன் அமெரிக்கா என்ற பெயர் நிற்கக்கூடாது என்ற இரண்டே வேண்டுகோள். பக்கியும் நிபந்தனை போடுகிறான்: மனதுக்குள் பழைய எஜமானர்கள் விதைத்த கட்டளை எதுவும் மிச்சமில்லை என்று சோதிக்க வேண்டும், யாருக்கும் கீழே வேலை செய்ய மாட்டேன். இருவருமே வாய்விட்டுக் கேட்டு வாங்கியதால், பின்னால் ஸ்டீவ் வந்தபோது யாரும் யாருடையதையும் பறித்ததாக ஆகவில்லை.

அலெக்ஸ் ராஸ் வடிவமைத்த உடையையும் கவனியுங்கள். கறுப்பு அதிகம், இடுப்பில் துப்பாக்கியும் கத்தியும், இடது கை உலோகம். ஸ்டீவுக்குப் பலம் தந்த சீரம் இவனுக்குக் கிடையாது, அதனால் சண்டையே வேறு மாதிரி வரையப்பட்டது. கேடயம் ஒன்றுதான் பொது.

ஸ்டீவ் திரும்புவது ‘ரீபார்ன்’, ஆறு இதழ், 2009 நடுவில் தொடங்கி 2010 ஜனவரியில் முடிந்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. கேடயம் யாருக்கு என்பதைத் தீர்க்கும் தனி இதழ் ‘ஹூ வில் வீல்ட் த ஷீல்ட்’ 2009 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, ரீபார்ன் கடைசி இதழ் அதற்குப் பிறகுதான் வந்தது. வெளியான தேதிப்படி படித்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். ரீபார்ன் ஆறையும் முடித்துவிட்டு இதை எடுங்கள். அதில் ஸ்டீவே கேடயத்தை பக்கியிடம் விட்டுவிடுகிறார்.

ஸ்டீவுக்கு வேறு வேலை காத்திருந்தது. ‘சீஜ்’ முடிந்ததும் நாட்டின் பாதுகாப்பு முழுவதும் அவர் பொறுப்பு. அவருக்கென்று ‘சீக்ரெட் அவெஞ்சர்ஸ்’ என்ற புத்தகமும் வந்தது. முதன்மைத் தொடர் பக்கியிடமே இருந்தது: 611 முதல் 615 வரை அவன்மேல் வழக்கு, பிறகு ரஷ்யச் சிறை, 619 வரை. திரும்பி வந்த ஹீரோ ஒன்றரை வருடம் வாரிசின் புத்தகத்தைத் தொடாமல் பக்கத்துப் புத்தகத்தில் இருந்தது மிக அரிது.

முடிவு என்னவோ பழைய முடிவுதான். 2011-இல் ‘ஃபியர் இட்செல்ஃப்’ 3-இல் பக்கி விழுகிறான். ஜூலையில் ஸ்டீவை வைத்துப் புதிய முதல் இதழ், அதே மாதம் திரைப்படம். படம் பார்த்துவிட்டுக் கடைக்கு வருபவருக்கு அட்டையில் ஸ்டீவ் இருக்க வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் 7.1 இதழில் பக்கி சாகவில்லை என்று தெரிகிறது, 2012-இல் ‘வின்டர் சோல்ஜர்’ தனித்தொடர். எழுதியவரும் அதே புரூபேக்கர். கட்டியவரே இறக்கியும் வைத்ததால் கதையில் தையல் பிரியவில்லை.

---

கோதம்_கூரைமேல்

இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனா ஒரு இடத்துல ஒத்துக்க மாட்டேன். திரும்பி வர்றவருக்கு வேற வேலை கொடுத்தா மட்டும் வாரிசு பிழைச்சுட மாட்டாங்க. வாரிசுக்குத் திரும்பிப் போக ஒரு சொந்தப் பெயர் இருக்கணும். டிக் கிரேசன் 1984-லயே, டேல்ஸ் ஆஃப் த டீன் டைட்டன்ஸ் 44-ல நைட்விங் ஆயிட்டார். பக்கிக்கு வின்டர் சோல்ஜர் இருக்கு. வாலிக்கு என்ன இருக்கு? கிட் ஃபிளாஷ். கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்தவரை மறுபடி கிட்-னு கூப்பிட முடியாது. ஃபிளாஷ்ங்கிற பெயரை எடுத்துட்டா அவர்கிட்ட எதுவுமே மிச்சமில்லை. டிசி அவரை அழிச்சதுக்கு இதுதான் அடிப்படைன்னு நினைக்கிறேன்.

டிக் கதையைப் பாருங்க. 1993-ல பேட்மேன் 497-ல வில்லன் பேன் முதுகை உடைச்சப்போ, பேட்மேனா இருந்த புரூஸ் வேய்ன் கூப்பிட்டது டிக்கை இல்ல, ஜான் பால் வேலியை. நிறைய பேருக்குக் கோபம். ஆனா அந்தக் கதைக்கு வேலிதான் தேவை. கொல்லத் துணிஞ்ச, கவசம் மாட்டின பேட்மேன் எங்கே போய் முடிவார்னு காட்டணும்னா, தப்பான ஆள் கையில கொடுத்தாகணும். டிக் போட்டிருந்தா தப்பே நடந்திருக்காது, கதையும் நடந்திருக்காது. அப்புறம் 1994 கடைசியில ‘ப்ராடிகல்’ வந்தது, நாலு தொடர்ல பரவின 12 பாகம். அதுல டிக் பேட்மேன். நல்ல கதைதான், ஆனா புரூஸ் சீக்கிரம் வந்துடுவார்னு முதல் பக்கத்துலயே தெரியும். தற்காலிகம்னு வாசகருக்குத் தெரிஞ்சுட்டா வாரிசுமேல மனசு ஒட்டாது.

2009 அப்படி இல்ல. ‘ஃபைனல் க்ரைசிஸ்’ல புரூஸ் போனதும் மூணு இதழ் ‘பேட்டில் ஃபார் த கௌல்’, அதை வேகமாத் தாண்டிடலாம். ஜூன்ல கிராண்ட் மோரிசன், ஃபிராங்க் குவைட்லி கூட்டணியில ‘பேட்மேன் அண்ட் ராபின்’ முதல் இதழ். அங்கே நடந்ததுதான் பாடம். எழுபது வருஷமா பேட்மேன் இறுக்கம், ராபின் சிரிப்பு. இங்கே சிரிக்கிற பேட்மேன், கத்தியா இருக்கிற ராபின். ராபினா வர்ற புரூஸோட மகன் டேமியனுக்குப் பத்து வயசு, கொலை பண்ணப் பழகின பையன். ஜோடியோட சமன்பாட்டையே திருப்பிப் போட்டதால டிக் புரூஸ் மாதிரி நடிக்க வேண்டிய கட்டாயமே இல்லாமப் போச்சு.

நடைமுறை விவரங்களும் அழகு. ரெண்டாவது இதழ்ல கேப் சமநிலையைக் கெடுக்குதுன்னு டிக் சொல்றார், சர்க்கஸ்ல வளர்ந்த உடம்பு இல்லையா. ஆல்ஃபிரட் கொடுக்கிற அறிவுரை, இதை ஒரு மேடை வேஷமா எடுத்துக்கோ, உன் பலத்துக்கு ஏத்த மாதிரி நடி. அப்புறம் குகைக்குப் பதிலா வேய்ன் டவர் அடியில இருக்கிற பங்கர், உச்சியில வீடு. புரூஸ் வந்து நின்னாலும் அது டிக்கோட வீடாத்தான் தெரியும். கேப், குகை, கார், ஜோடி எல்லாத்தையும் அப்படியே வாரிசுகிட்ட கொடுத்தா, திரும்பி வர்றவர் நுழைஞ்ச உடனே வாரிசு விருந்தாளி ஆயிடுவார்.

2010 நவம்பர்ல புரூஸ் வந்துட்டார். ஆனா வந்ததும் நான்தான் பேட்மேனுக்குப் பணம் கொடுத்தவன்னு ஊரறிய அறிவிச்சு, ‘பேட்மேன் இன்கார்ப்பரேட்டட்’ தொடங்கி உலகம் சுத்தப் போயிட்டார். கோதம் டிக்கிட்டயே இருந்தது. அந்த ஒன்பது பத்து மாசத்துலதான் டிடெக்டிவ் காமிக்ஸ் 871 முதல் 881 வரை, ஸ்காட் ஸ்னைடர் எழுதின ‘த பிளாக் மிரர்’. டிக் பேட்மேனா வந்த கதைகள்ல இதுதான் உச்சம்னு சொல்வேன். அதுவும் புரூஸ் உயிரோட இருக்கும்போதே! திரும்பி வந்தா வாரிசோட கதை முடிஞ்சுதுன்னு யார் சொன்னாலும் இதைக் காட்டுங்க.

2011 ஆகஸ்ட்ல உலகத்தையே மாத்தினாங்க, செப்டம்பர்ல நைட்விங் முதல் இதழ். வருத்தம்தான். ஆனா அவர் நைட்விங் ஆனது தோல்வியா தெரியல, வீடு திரும்பினதாத் தெரிஞ்சது.

---

பழையகட்டு

சொந்தப் பெயர் பற்றிய கருத்தை ஏற்கிறேன். நான் யோசிக்காத கோணம். வாலியை 2016-இல் மறுபடி கொண்டுவந்தபோதும் இதே முடிச்சுதான் இறுக்கியது. ‘டிசி யுனிவர்ஸ் ரீபர்த்’ தனி இதழில் ஸ்பீட் ஃபோர்ஸில் கரைந்துகொண்டிருக்கும் வாலியை, கடைசி நொடியில் பேரி அடையாளம் கண்டு இழுத்துக் காப்பாற்றுகிறார். நல்ல காட்சி. அடுத்த நாள்? 2014-இலேயே வாலி வெஸ்ட் என்ற பெயரில் வேறொரு சிறுவனை அறிமுகம் செய்துவிட்டார்கள். அவன்தான் அப்போது கிட் ஃபிளாஷ். ஆக ஃபிளாஷ் இருவர், வாலி வெஸ்ட் இருவர். ஒரே கொள்ளுப்பாட்டன் பெயரை இருவருக்கும் வைத்தார்கள் என்று ஒட்டுப் போட்டார்கள்.

எந்த வேலையும் இல்லாத பாத்திரத்தை எழுத்தாளர்கள் துயரத்தால் நிரப்புவார்கள். 2018-19 ‘ஹீரோஸ் இன் க்ரைசிஸ்’, ஒன்பது இதழ், சிகிச்சை நிலையத்தில் பலர் சாகக் காரணம் வாலி என்று முடிந்தது. மனைவிக்குத் தன்னை நினைவில்லை, பிள்ளைகள் இருந்த சுவடே இல்லை என்றான ஒருவன் உடைவது நம்பக்கூடியதுதான். உடைந்ததை மறைக்கப் பிணங்களை இடம் மாற்றி, அடுத்தவர்மேல் பழி விழும்படி செய்தது அந்தப் பாத்திரத்தின் முப்பது வருடக் குணத்துக்கு ஒவ்வாதது. ஜெரமி ஆடம்ஸ் 2021-இல் 768-ஆவது இதழில் பொறுப்பேற்று, அந்த ஆண்டு மலரிலேயே அந்தப் பழியை விலக்கினார்.

ஆடம்ஸ் காலத்தில் என்ன மாறியது என்பதுதான் கேடயமேந்தி சொன்னதற்குச் சான்று. பேரிக்குப் பல பிரபஞ்சங்களைக் காக்கும் அணியில் இடம் கொடுத்து அனுப்பினார்கள். முதன்மைத் தொடர் வாலியிடம் வந்தது. மிஸ்டர் டெரிஃபிக்கிடம் பொறியாளர் வேலை, லிண்டா, பிள்ளைகள், வீட்டு வாடகைக் கவலை. 800-ஆவது இதழ்வரை அப்படியே நிலைத்தது. 2023-இல் சைமன் ஸ்பரியர் புதிய முதல் இதழ் தொடங்கியபோதும் வாலிதான் ஃபிளாஷ். பெயர் மாறவில்லை, வயது குறையவில்லை. பேரிக்கு ஒரு வேலை கிடைத்ததும் பன்னிரண்டு வருடச் சண்டை தீர்ந்துவிட்டது.

---

அம்பறாத்தூணி

கானர் ஹாக்கை யாரும் எடுக்கவில்லையே. கோதம்_கூரைமேல் சொன்ன விதிக்கு இதைவிடக் கடுமையான உதாரணம் இல்லை.

வில்லாளி ஹீரோ ‘கிரீன் ஆரோ’வான ஆலிவர் குவீன் 1995-இல் தன் தொடரின் 101-ஆவது இதழில் விமான வெடிப்பில் இறக்கிறார். குண்டின் பொறியில் கை மாட்டியிருக்கிறது, கையை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்கிறார் சூப்பர்மேன், ஆலிவர் மறுக்கிறார். இடத்துக்கு வந்தது 1941 முதல் சைட்கிக்காக இருந்த ராய் ஹார்ப்பர் அல்ல. மடத்தில் வளர்ந்த மகன் கானர். ராய் அதற்குள் ஆர்சனல் என்ற தன் பெயரோடும், ஒரு மகளோடும் தனி வாழ்க்கைக்குப் போய்விட்டவர். கானர் அப்பாவுக்கு நேரெதிர். அமைதி, கட்டுப்பாடு, பெண்களிடம் கூச்சம், வித்தை அம்புகள் பிடிக்காது, கூர்மையான சாதா அம்புதான். அதனாலேயே 1997-இல் ஜேஎல்ஏ (ஜஸ்டிஸ் லீக்) 8, 9 இதழ்கள் அவ்வளவு இனிக்கின்றன. தன் அம்புகள் கெட்டுப்போய், வேறு வழியில்லாமல் அப்பாவின் குத்துச்சண்டைக் கையுறை அம்பை எடுத்துக் கண்காணிப்புக் கோபுரத்தையே காப்பாற்றுகிறான்.

கானரின் தொடர் 1998-இல் 137-ஆவது இதழோடு நின்றது. 2001-இல் ‘க்விவர்’ கதையில் ஆலிவர் திரும்பினார், பத்து இதழ். கொஞ்ச நாள் இரண்டு கிரீன் ஆரோ. பிறகு? மாற்றுப் பெயரும் இல்லை, மாற்று ஊரும் இல்லை. துப்பாக்கிக் குண்டு பட்டு நினைவில்லாமல் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது வில்வித்தையே போய்விட்டது. வாரிசு தேவையில்லை என்றானபின் வாரிசின் கையிலிருந்த திறமையையே கதைக்குள் பிடுங்கிய கொடுமை. நியூ 52-இல் ஆளையே காணோம். 2021-இல் ராபின் தொடரில்தான் மறுபடி வந்தான்.

இன்னொன்று பேட்கேர்ல். இங்கே ஒரு திரும்பல் மூன்று பேரைப் பாதித்தது. பேட்கேர்லாக இருந்த பார்பரா கோர்டன் 1988-இல் சுடப்பட்டு, 1989 முதல் சக்கர நாற்காலியில் இருந்தபடி மற்ற ஹீரோக்களுக்குத் தகவல் தரும் ஆரக்கிள். கசாண்ட்ரா கெயின் 73 இதழ் பேட்கேர்ல். 2009-இல் அவள் உடையைக் கழற்றி ஸ்டெபனி பிரவுனிடம் தருகிறாள், ஸ்டெபனிக்கு 24 இதழ். 2011 செப்டம்பரில் பார்பரா நடந்து வந்து பேட்கேர்ல் ஆகிறாள். கசாண்ட்ரா மறைந்தாள், ஸ்டெபனி மறைந்தாள். மாற்றுத்திறனாளி வாசகர்கள் தங்களுடையவளாக எண்ணியிருந்த ஆரக்கிளும் மறைந்தாள். ஒரு பழைய பெயரை மீட்க மூன்று முழுப் பாத்திரங்களைச் செலவழித்தார்கள். 2021-இல் ‘பேட்கேர்ல்ஸ்’ என்று இருவரையும் ஒரே பெயரில் சேர்த்து, பார்பராவை மறுபடி ஆரக்கிள் வேலையில் வைத்தபோதுதான் அது கொஞ்சம் சரியானது.

நம்மில் பலர் முதலில் பார்த்த வாரிசு ஹீரோ வேதாளர்தான் (ஃபேண்டம்). அங்கே இந்தப் பிரச்சினையே எழாது. தந்தை செத்தால்தான் மகன் முகமூடி அணிவான், செத்தவர் திரும்ப மாட்டார். அதனால்தான் 21 தலைமுறை தாங்குகிறது. டிசியும் மார்வெலும் மரணத்தைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு பரம்பரையை நிரந்தரமாகக் காட்ட நினைக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டில் நிற்காது.

---

மின்னல்கோடு

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, எல்லாருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. இரண்டு பேரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டால் என்ன? சாம் வில்சன் (காப்டன் அமெரிக்கா), லாரா (வுல்வரின்), கேட் பிஷப் (ஹாக்ஐ) விஷயத்தில் அப்படித்தானே செய்தார்கள்?

---

கேடயமேந்தி

செய்யலாம், அதற்கும் சில ஏற்பாடு வேண்டும். மூன்றில் நன்றாக வந்தது கேட் பிஷப்தான். அவள் பழைய ஹாக்ஐ கிளின்ட்டின் சைட்கிக்காகத் தொடங்கியவள் அல்ல, கிளின்ட் இறந்திருந்தபோது யங் அவெஞ்சர்ஸில் வந்தவள். கிளின்ட் உயிரோடு வந்ததும் பெயரைக் கேட்கவில்லை, ரோனின் என்ற வேறு உடைக்குப் போனார். பிறகு 2012-இல் மேட் ஃபிராக்‌ஷன், டேவிட் அஹா இணைந்த 22 இதழ்களில் இருவருமே ஹாக்ஐ, ஒரே புத்தகம். நடுவில் கேட் லாஸ் ஏஞ்சலஸ் போய்விடுவாள், இதழ்கள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி நடக்கும். ஒரே பெயர், இரண்டு ஊர். யார் பேசுகிறார் என்ற குழப்பமே வராது.

லாராவுக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. பழைய வுல்வரின் லோகன் 2014-இல் இறந்தபின் ‘ஆல்-நியூ வுல்வரின்’ 35 இதழ், டாம் டெய்லர் எழுதியது. 2018-இல் லோகன் வந்தார். லாராவின் புத்தகத்துக்கு மறுபடி எக்ஸ்-23 என்று பெயர் வைத்தார்கள். கோதம்_கூரைமேல் சொன்ன சொந்தப் பெயர் விதிக்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டும். எக்ஸ்-23 ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒட்டிய எண். 35 இதழாக அதைக் கழற்றி எறிந்தவளிடமே திரும்பக் கொடுத்தார்கள். மாற்றுப் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பெயரை அவளே விரும்பியிருக்க வேண்டும். 2021 எக்ஸ்-மென் தொடரில் வுல்வரின் பெயரை அவளுக்குத் திருப்பித் தந்தது நல்லதாயிற்று.

சாம் முதலில் பெற்றது 2014-இல். ஸ்டீவின் சீரம் போய்க் கிழவரானபோது ஸ்டீவே நேரில் கொடுத்தார். முன்னவர் உயிரோடு பக்கத்தில் இருந்தே கொடுப்பது நல்ல முறை, திரும்பல் என்ற அதிர்ச்சி பாதி குறைந்துவிடும். 2016-இல் ஸ்டீவ் இளமையானதும் இருவருக்கும் தனித்தனிப் புத்தகம், பிறகு கதை ஹைட்ரா பக்கம் திரும்பி சாம் கேடயத்தை விட்டார். 2022-இல் மறுபடி இருவரும் காப்டன்: சாமுக்கு ‘சிம்பல் ஆஃப் ட்ரூத்’, ஸ்டீவுக்கு ‘சென்டினல் ஆஃப் லிபர்ட்டி’. சாம் கதை வெளிநாடுகளில், ஸ்டீவ் கதை நியூயார்க்கில் அவர் பிறந்து வளர்ந்த பக்கத்தில் தொடங்கும். பங்கீடு சுத்தம். ஆனால் இரண்டும் 14 இதழுக்குள் முடிந்தன, 2023-இல் காப்டன் அமெரிக்கா என்ற ஒற்றைப் பெயரில் வந்தது ஸ்டீவின் தொடர். பெயரைப் பகிர்வது எளிது. முன்சொல் எதுவும் இல்லாத வெறும் தலைப்பு யாருக்கு என்று வரும்போதுதான் நிறுவனத்தின் மனசு தெரியும்.

---

பழையகட்டு

உங்கள் மூன்றாவது கேள்வி விடுபட்டுவிட்டது. வாலியை நிறைவாக முடிக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் ஏற்கெனவே நிற்கும் 100. இரண்டு, அதற்குமேல் வேண்டுமென்றால் வெய்ட் முடித்தபின் 164 முதல் 225 வரை ஜெஃப் ஜான்ஸ். இதே ஜான்ஸ்தான் பின்னால் ரீபர்த் எழுதியவர், ஆனால் இந்த அறுபது இதழிலும் வாலிதான் மையம், கீஸ்டோன் நகரமும் வில்லன் கூட்டமும் அவனுக்கென்றே புதுப்பிக்கப்பட்டவை. 225-இல் நிறுத்திவிட்டு, 226 முதல் ‘ஹீரோஸ் இன் க்ரைசிஸ்’ வரை ஒன்றையும் தொடாமல், 2016 ‘டிசி யுனிவர்ஸ் ரீபர்த்’ தனி இதழை மட்டும் படித்து நேராக 768-க்குப் போங்கள். 768-இன் தொடக்கத்தில் வாலி ஓட்டத்தையே விட்டுவிடலாம் என்று பேரியிடம் சொல்வான். விட்டுப்போன கதைகளில் அவன் பட்டது என்ன என்பது அந்தப் பேச்சிலேயே தேவையான அளவுக்குத் தெரிந்துவிடும்.